மேலே போக மலை இல்லை

மூணாற்றில் இன்று பத்து மணி வரை மஞ்சு விலகவில்லை. கொழுந்தெடுக்கப் போன அம்மா, தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே வந்தார். "சோலைக்காடு இந்த மஞ்சைக் குடிச்சுத்தான்டா உயிரோட நிக்குது" என்பார்.

மலையின் மஞ்சையும் குளிரையும் நம்பி நிற்பது காடு மட்டுமில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மலைகளில், வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் ஒரு சின்ன ஜீவன் உண்டு. லெமுராய்டு ரிங்டெயில் பாஸம் (possum) என்று பெயர். பகலில் மரப்பொந்தில் தூக்கம், இரவில் இலைதான் சாப்பாடு. தண்ணீரும் பெரும்பாலும் இலையிலிருந்தே. வெயில் 30 டிகிரியைத் தொட்டு சில மணி நேரம் நின்றாலே அதன் உடம்பு தாங்காது. அடிவாரம் சூடானால் மேலே ஏறலாம். உச்சிக்கு மேல் எங்கே போகும்? தரையில் இறங்கவும் தயங்கும். நடுவில் காட்டை வெட்டினால் அடுத்த காட்டுக்குப் போக வழியில்லை.

லூயிஸ் மலைப் பக்கம் அதிலேயே வெள்ளை நிறமும் உண்டு. 2005 கோடை வெப்ப அலைக்குப் பிறகு அவை கண்ணிலேயே படவில்லை. 2009-ல் மறுபடி ஒரு சிலதான் தென்பட்டன. படித்தபோது நெஞ்சு அடைத்தது.

ஆனைமுடியும் 2,695 மீட்டரோடு முடிகிறது. நம் வரையாடுகளுக்கும் அதற்கு மேல் இடமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வெள்ளைக் குட்டிங்க இப்ப இருக்குதாப்பா?" என்றார்.