அந்தப் புள்ளி யாருடையது?

வேலூரில் எங்கள் கல்லூரியில் இயற்பியல் முதுகலை மாணவர்களுக்குக் கொடுக்கும் புராஜெக்ட்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பக்கத்து கேலக்ஸி ஒன்றின் ரேடியோ படத்தில் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகள் என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். எங்களிடம் ரேடியோ தொலைநோக்கி கிடையாது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பல ஆன்டெனாக்கள் சேர்ந்து ஒன்றாக இயங்கும் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கியின் பழைய தரவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, அது போதும்.

பெரும்பாலும் சுமார் 27 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்33 கேலக்ஸியில் தொடங்குவோம். ஒரு புள்ளி வெடித்த விண்மீனின் எச்சமாக (சூப்பர்நோவா எச்சம்) இருக்கலாம். இளம் விண்மீன்களால் சூடேறிய ஹைட்ரஜன் மேகமாக இருக்கலாம். எம்33-க்குச் சம்பந்தமே இல்லாமல், அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கும் வேறொரு கேலக்ஸியின் மையமாகவும் இருக்கலாம்.

முதலில் புள்ளியின் ரேடியோ பிரகாசத்தை இரண்டு அதிர்வெண்களில் அளப்போம். 1.4 கிகாஹெர்ட்ஸில் 100 என்று வைத்துக்கொண்டால், 5 கிகாஹெர்ட்ஸில் ஹைட்ரஜன் மேகம் சுமார் 88-இல் நிற்கும். காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்களால் ஒளிரும் சூப்பர்நோவா எச்சமோ பெரும்பாலும் 40-55 அளவுக்கு இறங்கிவிடும். இங்கே அவசரப்படக் கூடாது. வி.எல்.ஏ. ஆன்டெனாக்களைத் தண்டவாளத்தில் நகர்த்தி இடைவெளியை மாற்றுவார்கள். மிக அகலமான ஏ அமைப்பில் 1.4, அடுத்த பி அமைப்பில் 5 என்று எடுத்த படங்கள்தான் ஏறக்குறைய ஒரே கூர்மையில் வரும். இரண்டையும் ஏ அமைப்பிலேயே எடுத்தால், 5-இல் பரவலான ஒளி விட்டுப்போய் இல்லாத சரிவு இருப்பதாகத் தெரியும்.

"மேடம், 41 வந்திருக்கு. சூப்பர்நோவாதானே?" என்று ஓடி வருவார்கள்.

"ஹைட்ரஜன் படம் பாத்தியாம்மா?" என்பேன். பின்னால் இருக்கும் கேலக்ஸி மையங்களில் பலவும் இதே சரிவைக் காட்டும். ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் அதே இடத்தில் வளையமோ இழையோ தெரிந்து, நிறமாலையில் கந்தகத்தின் கோடும் வலுவாக இருந்தால்தான் எச்சம் என்று எழுத மனம் வரும். அந்த ஒளி எப்படிப் பிடிபடுகிறது என்று காட்ட, ஜவ்வாது மலைக்கு, காவலூருக்கு அழைத்துப் போவேன். பழைய வட ஆற்காட்டு மண்ணில் 1986-இல் தொடங்கிவைத்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்தபின் ஒளிப்படத்தை யாரும் அலட்சியம் செய்வதில்லை.

அப்புறம் எம்82 என்ற இன்னொரு கேலக்ஸி. அங்கே தூசி, ஒளிப்படத்தின் அந்த உதவியையும் பறித்துவிடுகிறது. 2008-இல் அங்கே வெடித்த எஸ்என் 2008ஐஇசட் என்ற சூப்பர்நோவா ஒளிப்படங்களில் அகப்படவில்லை, 2009-இல் ரேடியோ தரவில்தான் பிடிபட்டது. அதனால் எம்82 அட்டவணையில் 'முடிவாகவில்லை' என்ற வரிகள் நிறைய. அவற்றை நீக்க நான் விடுவதில்லை. கண்டம் விட்டுக் கண்டம் ஆன்டெனாக்களை இணைத்துச் சில எச்சங்கள் விரிவதை அளந்திருக்கிறார்கள். மிச்சப் புள்ளிகளுக்கும் அந்த அளவீடு வரும்போது இந்த வரிகள் தேவைப்படும்.