புள்ளிருக்குவேளூரில் தீர்ந்த கடன்

செவ்வாய்க்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது என்று நான் சொன்னதை அத்தை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முருகனுக்கும் அங்காரகனுக்கும் உகந்த நாளில்தான் பேரனுக்கு முடி இறக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்புறம் என்ன, மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கி, சீர்காழி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, புள்ளிருக்குவேளூர் என்கிற வைத்தீஸ்வரன் கோயில் போய்ச் சேர்ந்தோம்.

வேண்டுதல் பழையது. ஜுரம் ஏறினால் பையனுக்கு வலிப்பு வந்துவிடும். வளர வளரத் தானாக நின்றுவிடும் என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே நின்றும் விட்டது. எங்கள் பயம்தான் நிற்கவில்லை. பிள்ளை தும்மினாலே நான் தெர்மாமீட்டரைத் தேடுவேன். இவர் வாயே திறக்கமாட்டார். நடுராத்திரியில் எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

அப்போது அத்தை வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். விளக்கேற்றியதும் எல்லாரும் பூஜையறைக்கு வந்தாக வேண்டும். இந்தத் தலத்து அப்பர் தேவாரத்தில் ‘பேராயிரம் பரவி’ ஒரு தடவை. பிறகு அவரவர் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “முணுமுணுக்காதீங்க. சாமிக்கு எப்படியும் கேட்கும், பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்குக் கேட்க வேணாமா?” என்பார். எனக்கு ஒரே கூச்சம்.

ஒருநாள் பையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னான்: “சாமி, அப்பா ராத்திரி வந்து என் மூக்குகிட்ட விரல் வச்சுப் பாக்குறாரு. நான் தூங்குற மாதிரியே படுத்திருப்பேன். நான் செத்துப்போயிடுவேனா?”

பாட்டு, தீபாராதனை எல்லாம் அப்படியே நின்றுபோனது. பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் இருட்டில் அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. இவர் அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னதை முதல் தடவையாக அவனிடமே விளக்கமாகச் சொன்னார். அன்றிலிருந்து விரல் வைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தால் “எழுந்திருச்சு தண்ணி குடிடா” என்று எழுப்பிவிடுவார்!

கோயில் வாசலுக்கு வருவோம். பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைக்கவில்லை, நாடி ஜோதிடத் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். “கட்டைவிரல் ரேகை மட்டும் கொடுங்க, ஏடு பேசும்.” வேண்டாம் என்று நடந்தால் ஒருவர் பின்னாலேயே வந்து, பையனின் முகத்தைப் பார்த்து, “தம்பிக்கு ஒரு கண்டம் தெரியுதே” என்கிறார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அத்தை திரும்பி ஒரு முறை முறைத்தார் பாருங்கள், ஆள் காணாமல் போனார். தீராத நோய் தீர்க்கிறவர் சன்னதித் தெருவில் நின்றுகொண்டு பயத்தை விற்கிறார்கள், என்ன பிழைப்போ.

மொட்டை போட்டு, சந்தனம் பூசி, சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைத்து, உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, வரிசையில் நசுங்கி, வைத்தியநாதரைக் கண்மூடித் திறப்பதற்குள் பார்த்துவிட்டு நகர்த்தப்பட்டோம். தையல்நாயகி சன்னதியில் மட்டும் எப்படியோ கொஞ்சம் நிற்க முடிந்தது. தைலப் பாத்திரத்தோடு நிற்கிற அம்மாவிடம் தனியாக என்ன கேட்பது? வெள்ளி உருவைச் செலுத்திவிட்டுப் பேசாமல் நின்றேன்.

அர்த்தசாமத்துக்குக் கூட்டம் வடிந்திருந்தது. இந்தத் தலத்தில் முருகனான செல்வமுத்துக்குமரனுக்குப் பூஜை முடிந்த பிறகுதான் அப்பா வைத்தியநாதருக்கு. புனுகு சாத்துகிற புழுகாப்பு வாசனை மண்டபம் முழுக்கப் பரவியிருந்தது. பையன் இவர் தோளில். “அப்பாயி, ஏன் இவருக்கு முதல்ல?” என்றான். “புள்ளைய முதல்ல கவனிச்சாத்தான வைத்தியருக்கே தூக்கம் வரும்” என்றார் அத்தை.

திரை விலகித் தீபம் ஏறியது. வெளியிடங்களில் வாய்திறந்து கும்பிடவே கும்பிடாத மனிதர், பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, “முருகா, பயம் எனக்குத்தான்யா, இவனுக்கு இல்ல. என் பயத்தை எடுத்துக்க” என்றார். பையன் அவர் தலையைத் தட்டி, “அப்பா, எனக்கும் கொஞ்சம் இருக்கு, சேத்துச் சொல்லுங்க” என்றான். அவரும் சேர்த்துச் சொன்னார். நான் அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. குமரனை ஒழுங்காகப் பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை, கண்ணெல்லாம் நீர். முத்தையா, நீ எங்களைப் பார்த்தாய், போதும். என்ன கைம்மாறு செய்வேன்!

பிரசாத மருந்தான திருச்சாந்துருண்டையும் ஜடாயு குண்டத்து விபூதியும் வாங்கி முடித்துக்கொண்டோம். ரயிலில் அத்தை அடுத்த வேண்டுதலை ஆரம்பித்துவிட்டார். நாத்தனார் மகளுக்குப் பரீட்சை பயமாம். நாள் பார்த்தாயிற்று, அதுவும் செவ்வாய்க்கிழமைதான்.