மாஸ்டாவின் வரலாற்றை மில்லிமீட்டரில் படிப்பது எப்படி?

மாஸ்டாவின் மைல்கற்கள் என்று தேடினால் ஆண்டுவாரியான ஒரு பட்டியல் கிடைக்கும். 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் தக்கை தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கியது, 1931-ல் மூன்று சக்கர லாரி, 1960-ல் ஆர்360 என்ற 356 சி.சி. குட்டிக் கார், 1967-ல் காஸ்மோ, 1978-ல் ஆர்எக்ஸ்-7, 1989-ல் எம்எக்ஸ்-5, 1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தய வெற்றி. எல்லாம் சரிதான். ஆனால் மற்றவர்கள் கைகழுவிய ரோட்டரி எஞ்சினை இந்தக் கம்பெனி மட்டும் ஏன் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டிக்கொண்டு அழுதது என்பது அதில் விளங்காது. அது விளங்க 6, 3, 2, 2.5 என்ற நான்கு எண்கள் போதும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் செருகியிருக்கும் அபெக்ஸ் சீல் என்ற சின்னப் பட்டையின் தடிமன் அது, மில்லிமீட்டரில்.

முதலில் எஞ்சினைப் பார்த்துவிடலாம். எட்டு வடிவத்தைக் கொழுக்க வைத்ததுபோல் ஒரு ஹவுசிங். அதற்குள் விளிம்புகள் உப்பிய முக்கோண ரோட்டர். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நடுவிலுள்ள எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் என்ற மையம் விலகிய தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். வால்வு, கேம் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு எதுவும் கிடையாது. ரோட்டரின் மூன்று முகங்களும் மூன்று தனித்தனி அறைகள். ஒரு முகம் காற்றை இழுக்கும்போது இன்னொன்று எரிந்துகொண்டிருக்கும். இந்த அறைகளைப் பிரித்து வைப்பது அபெக்ஸ் சீல் மட்டுமே. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் அகலமாக உட்கார்ந்து ஓடும். அபெக்ஸ் சீலோ ஒரு கோட்டில் மட்டுமே தொட்டு, சாய்வை மாற்றிக்கொண்டே வழுக்க வேண்டும். இந்த எஞ்சினின் தலைவலி எல்லாமே அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கும்.

மாஸ்டா இதில் இறங்கியதற்குப் பிழைப்பும் ஒரு காரணம். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு கார் கம்பெனிகளை இணைத்துச் சில பெரிய குழுக்களாக்கத் திட்டமிட்டது. அப்போது டோயோ கோக்யோ என்ற பெயரில் சின்னக் கம்பெனியாக இருந்த மாஸ்டா பெரிய ஒன்றால் விழுங்கப்படாமல் தப்ப, வேறு யாரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் தேவைப்பட்டது. தலைவர் சுனேஜி மாட்சுடா ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பெனியுடன் வாங்கெல் எஞ்சின் என்ற இந்த ரோட்டரிக்கு உரிம ஒப்பந்தம் போட்டார். 1961-ல் அது நடைமுறைக்கு வந்தது.

வந்து சேர்ந்த எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோதுதான் என்எஸ்யூ முழுக்கதையையும் சொல்லவில்லை என்பது தெரிந்தது. ஹவுசிங்கின் உள்சுவரில் அலை அலையாகக் கீறல். அதற்குப் 'பேயின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். 1963-ல் கெனிச்சி யாமாமோட்டோ தலைமையில் ரோட்டரி ஆராய்ச்சித் துறை அமைந்தது. 47 பொறியாளர்கள். தலைவனுக்காகப் பழிவாங்கி உயிரைக் கொடுத்த, ஜப்பானிய வரலாற்றின் 47 சாமுராய்களோடு ஒப்பிட்டே இன்றும் அவர்களைப் பேசுகிறார்கள்.

சீல் மென்மையாக இருப்பதால் சுவர் கீறுகிறது, அல்லது கடினமாக இருப்பதால் கீறுகிறது என்று யோசிப்பது இயல்பு. உண்மையான காரணம் அதிர்வு. சுவரில் இழுபட்டு ஓடும்போது சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிக்கிறது. துடிக்கும் ஒவ்வொரு முறையும் சுவரைக் கொத்துகிறது. சீலின் நுனிக்கருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றியதும் கீறல் நின்றது. உற்பத்திக்குப் போனதோ அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல், 6 மி.மீ. தடிமனில். ஒரு லட்சம் கி.மீ. சோதனை ஓட்டத்தில் அது 0.8 மி.மீ. மட்டுமே தேய்ந்தது.

இன்னொரு தொல்லை புகை. ரோட்டரின் பக்கவாட்டிலிருந்து ஆயில் எரியும் அறைக்குள் கசிந்து, சோதனைக் கார்கள் வெண்புகையைக் கக்கிக்கொண்டு திரிந்தன. உலோக ஆயில் ரிங்கோடு ரப்பர் ஓ-ரிங்கைச் சேர்த்து அதை அடக்கினார்கள். காற்று உள்ளே வரும் போர்ட்டை என்எஸ்யூ போல ஹவுசிங்கின் சுற்றுச்சுவரில் வைக்காமல் பக்கத் தகட்டில் வைத்தார்கள். குறைந்த வேகத்தில் எஞ்சின் குலுங்குவது அதனால் மட்டுப்பட்டது.

1967 மே 30-ல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 10ஏ எஞ்சின், இரண்டு ரோட்டர், 982 சி.சி., 7000 ஆர்பிஎம்மில் 110 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு நூர்புர்க்ரிங்கில் 84 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு கார்களை அனுப்பினார்கள். ஒன்று 82-வது மணியில் ஆக்சில் உடைந்து நின்றது. மற்றது நான்காவதாக முடித்தது. உடைந்தது எஞ்சின் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1967-லேயே தன் ஆர்ஓ80 காரை இறக்கிய என்எஸ்யூ, வாரண்டியில் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே நொடித்துப் போய், 1969-ல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் கரைந்தது.

கொள்ளளவுக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மாஸ்டாவின் எஞ்சின் பெயர்க் குழப்பம் தீரும். ஓர் அறையின் கொள்ளளவு = 5.196 × விலகல் தூரம் × ரோட்டரின் ஆரம் × அகலம். ஷாஃப்டின் மையத்திலிருந்து ரோட்டரின் மையம் தள்ளியிருக்கும் அளவுதான் விலகல். 10ஏ, 12ஏ, 13பி மூன்றுக்கும் விலகல் 15 மி.மீ., ஆரம் 105 மி.மீ. மாறியது அகலம் மட்டுமே: 60, 70, 80 மி.மீ. அப்படியே பெருக்கினால் 491, 573, 654 சி.சி. வரும். ரோட்டர் இரண்டு என்பதால் 982, 1146, 1308. அடிப்படை வடிவத்தைத் தொடாமல் ரொட்டியைத் தடிமனாக வெட்டுவதுபோல அகலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். கருவிகளுக்கு மறுபடி செலவில்லை, சிக்கனம்தான். அதன் விலையைப் பிறகு பார்ப்போம்.

1973 எண்ணெய் நெருக்கடி விழுந்த நேரம் ரொம்ப மோசம். ரோட்டரியின் எரியும் அறை நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும், அறையே சுவரோடு நகர்ந்துகொண்டும் இருக்கும். கொள்ளளவை ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு அதிகம். வெப்பம் சுவரில் போய்விடும், ஓரத்துப் பெட்ரோல் எரியாமல் வெளியேறும். அமெரிக்க அரசின் நகர்ச் சோதனையில் லிட்டருக்கு 4.5 கி.மீ. அளவில்தான் கிடைத்தது. அங்கே விற்பனை சரிந்தது. சுமிட்டோமோ வங்கி வந்து கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது. 1979-ல் ஃபோர்டு ஏறத்தாழ 25 சதவீதப் பங்கை வாங்கியது. இந்த இடத்தில் எந்தக் கம்பெனியும் ரோட்டரியை மூட்டை கட்டியிருக்கும். மாஸ்டா 40 சதவீத எரிபொருள் மிச்சம் என்று இலக்கு வைத்து, அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயரிட்டது.

சீல் 3 மி.மீ. ஆனதும் இந்தக் காலத்தில்தான். கார்பன் போய், சுவரைத் தொடும் நுனியை எலெக்ட்ரான் கற்றையால் கடினப்படுத்திய வார்ப்பிரும்பு வந்தது. 1978-ன் முதல் ஆர்எக்ஸ்-7 இதில்தான் ஓடியது. 1980-களின் நடுவில் இரண்டாம் தலைமுறையில் சீல் 2 மி.மீ. ஆனது. மெலிந்த சீல் எடை குறைவு, சுவரை நன்றாகத் தழுவும். ஆனால் டர்போ வைத்த எஞ்சினில் கலவையில் பெட்ரோல் குறைந்து, அது நேரங்கெட்டு வெடித்து எஞ்சின் ஒருமுறை தட்டினால் போதும், வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும். உடைந்த துண்டு ஹவுசிங்கையும் கிழித்துக்கொண்டு எக்ஸாஸ்ட் வழியே போய் டர்போவின் இறக்கையையும் உடைக்கும். மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-ல் டர்போவின் காற்றழுத்தத்தை ஏற்றி விளையாடியவர்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயின.

லெ மான்ஸ் 1991 பற்றி எழுதாதவர் இல்லை, எனவே சுருக்கமாக. 787பி, 55-ம் எண், நான்கு ரோட்டர், 2616 சி.சி., 9000 ஆர்பிஎம்மில் 700 குதிரைத்திறன், ரோட்டருக்கு மூன்று பிளக், செராமிக் அபெக்ஸ் சீல். ஃபோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ராண்ட் காஷோ மூவரும் 362 சுற்று ஓட்டினார்கள். பலரும் விட்டுவிடுவது காரின் எடை. ஜாகுவார் 1000 கிலோ சுமந்தபோது மாஸ்டாவுக்கு 830 கிலோ போதும் என்று விதி அனுமதித்தது. அந்தச் சலுகையைக் கேட்டு வாங்கியதும் பந்தயத் திறமைதான். ரோட்டரி ஜெயித்ததால் அதைத் தடை செய்தார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம், 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்கு மாறும் முடிவு அதற்கு முன்பே எடுத்தது.

2003-ன் ஆர்எக்ஸ்-8 இன்றும் பழைய கார் சந்தையில் ஆசை காட்டுவதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். இதன் ரெனெசிஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் போர்ட்டையும் பக்கத் தகட்டுக்கு மாற்றினார்கள். உள்வழியும் வெளிவழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது நின்றது, புகையும் குறைந்தது. பதிலுக்குப் பக்க சீல்களைச் சுற்றிக் கரி படியத் தொடங்கியது. அமெரிக்காவில் எஞ்சினுக்கு மட்டும் வாரண்டியை 8 ஆண்டு, ஒரு லட்சம் மைல் என்று மாஸ்டாவே நீட்டிக்க வேண்டியிருந்தது.

வாங்குமுன் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. சாதாரண கேஜ் உதவாது: ஒரே பிளக் துளையை மூன்று முகங்களும் மாறி மாறிக் கடப்பதால், அது மூன்றில் உயர்ந்த அளவை மட்டும் பிடித்துக் காட்டும், செத்த முகம் மறைந்துவிடும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர்தான் வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பேட்டரி முழு சார்ஜில், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்துக்கொண்டு சுற்ற வேண்டும். 250 ஆர்பிஎம்மில் 830 கிலோபாஸ்கல் இருந்தால் புதுசு மாதிரி. 680-க்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100-க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. டெஸ்டர் கிடைக்காவிட்டால், கார் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூட்டில் நெடுநேரம் இழுத்தால் கம்ப்ரஷன் போய்க்கொண்டிருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, காரை நாலடி நகர்த்திவிட்டு உடனே அணைப்பது இதற்கு ஆகாத பழக்கம். கூடுதலாகப் பாய்ந்த பெட்ரோல் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும், சீல் பிடிக்காது, மறுமுறை ஸ்டார்ட் ஆகாது. அப்படி ஆனால் ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி சுற்றுங்கள். அந்த நிலையில் பெட்ரோல் பாய்வது நிற்கும்.

இக்னிஷன் காயில் தளர்ந்தால் உடனே மாற்றுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டு அடைக்கும். அடைபட்ட சூடு திரும்பி எஞ்சினைத் தின்னும். சீலுக்கு உயவாக ஆயிலை அளந்து எரிப்பதே இந்த எஞ்சினின் வடிவமைப்பு. அதனால் இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை ஆயில் அளவு பார்ப்பது கட்டாயம். லிட்டருக்கு 4 முதல் 8 மி.லி. வரை டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் கலப்பவர்கள் உண்டு. முதல் வரிசை ஆர்எக்ஸ்-8-ல் ரோட்டருக்கு இரண்டு ஆயில் முனைகள்தான் இருந்தன. பின்னாளில் மாஸ்டாவே மூன்றாக்கியது. கலப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

2012 ஜூனில் ஆர்எக்ஸ்-8 நின்றது. பதினோரு ஆண்டு கழித்து, 2023-ல் எம்எக்ஸ்-30 மின்சாரக் காரில் ரோட்டரி திரும்பி வந்தது, சக்கரத்தைச் சுற்ற அல்ல, 17.8 கிலோவாட்-மணி பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க. 8சி என்ற இந்த எஞ்சினுக்கு ஒரே ரோட்டர், 4700 ஆர்பிஎம்மில் 75 குதிரைத்திறன். 10ஏ, 12ஏ, 13பி மூன்றிலும் தொடாத வடிவத்தை இங்கே மாற்றினார்கள்: விலகல் 17.5, ஆரம் 120, அகலம் 76 மி.மீ. மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், 830 சி.சி.க்கு மயிரிழை குறைவாக வரும். ரோட்டர் பெரிதாகி அகலம் சுருங்கியதால் வெப்பம் விழுங்கும் சுவர்ப்பரப்பு குறைந்தது. பெட்ரோல் நேரடியாக அறைக்குள் பாய்கிறது. அபெக்ஸ் சீல் 2 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ. ஆகத் தடித்திருக்கிறது.

2024 பிப்ரவரியில் ரோட்டரிக்கென்று தனி மேம்பாட்டுக் குழுவை மாஸ்டா மறுபடி அமைத்தது. இந்தமுறை 36 பேர்.