ஸ்டீராய்டு மாத்திரையும் மாலை நேரச் சர்க்கரையும்

நெற்றிப்பொட்டுத் தமனியில் அழற்சி என்று உறுதியானதும், பார்வை பறிபோகாமல் காப்பதற்காக எனக்குத் தினமும் காலையில் 40 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினார்கள். அதுவரை மெட்ஃபார்மினில் அடங்கியிருந்த நீரிழிவு, சில நாள்களிலேயே வேறொரு நோய்போல நடந்துகொண்டது. வெறும் வயிற்றில் பார்க்கும் அளவு ஏறத்தாழ பழையபடியே இருக்க, மாலையில் மட்டும் 300-ஐத் தாண்டியது.

சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியின் புறணி, அதாவது வெளிப்பகுதி, சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் வேலையையே இந்த மாத்திரையும் செய்கிறது. ஆனால், 5 மி.கி. பிரெட்னிசோலோன் 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோனுக்கு (மருந்து வடிவக் கார்டிசால்) சமம் என்பதால், உடல் ஒரு நாளில் தானாகச் சுரப்பதைவிடப் பல மடங்கு உள்ளே போகிறது. அப்போது கல்லீரல் அமினோ அமிலங்களிலிருந்தும் கிளிசராலிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. தசைகள் இன்சுலினுக்கு முன்போல் இணங்காமல் அந்தக் குளுக்கோஸை உள்ளே எடுக்கத் தயங்குகின்றன. ஈடுகட்ட வேண்டிய கணையமும் தளர்கிறது. பசியும் கூடுகிறது. அதை நோயாளியின் மன உறுதிக் குறைவாக எவரும் பேசக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோனின் தாக்கம் பிற்பகலில் உச்சமடைந்து இரவில் தணிவதால், காலைப் பரிசோதனையை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஏற்றம் கண்ணில் பட்டே இருக்காது. மதிய உணவுக்குப் பிறகும் இரவு உணவுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைத்த அளவுகளைக் கண்டபின், மருத்துவர் என்.பி.எச். என்ற நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலினைக் காலையில், மாத்திரை வேளையிலேயே போடச் சொன்னார். அதன் உச்சமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வருவதால், இரவில் சர்க்கரை தாழும் அச்சமின்றி மாலை அளவு இறங்கியது.

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்த காலம்தான் இதைவிட அதிகக் கவனத்தைக் கேட்டது. மாத்திரை குறையும்போது பழைய இன்சுலின் அளவே தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு குறைப்புக்கும் முன்பே இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் முடியாது. நீண்ட காலம் வெளியிலிருந்து ஹார்மோன் கிடைத்ததால் அட்ரீனல் சுரப்பி உறங்கிப்போயிருக்கும், கார்டிசால் போதாமல் போனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆபத்தாகச் சரியலாம்.

இப்போது 5 மி.கி.யில் இருக்கிறேன், இன்சுலின் நின்றுவிட்டது, மாலை அளவை மட்டும் விடாமல் பார்க்கிறேன். மாத்திரையை முழுதாக நிறுத்தும் முன் காலைக் கார்டிசால் பரிசோதனை செய்யவிருக்கிறார்கள்.