கொழும்பிலிருந்து அமராவதிநகர் வரை: மகனைச் சைனிக் பள்ளியில் சேர்த்த அனுபவம்

என் மகன் தமிழ்நாட்டின் அமராவதிநகரில் உள்ள சைனிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த செய்தி தெரிந்ததிலிருந்து, கொழும்பில் இந்தியக் கடவுச்சீட்டோடு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலிருந்து எனக்கு அழைப்புகள் வருகின்றன. எல்லோரும் முதலில் கேட்பது, நுழைவுத் தேர்வுக்கு எந்தப் புத்தகங்களைப் படித்தான் என்பதுதான். தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு பையன் எங்கே பிறந்தான், எந்த ஊரைச் சேர்ந்தவன், எங்கே படித்தான் என்ற மூன்றையும் இரண்டு நாடுகளின் அலுவலகங்களுக்கு நடுவே நின்று காகிதத்தில் நிரூபிப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த அலைச்சலில் பாதியையாவது மற்றவர்கள் தவிர்த்துக்கொள்ள முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குப் புறக்கோட்டையில் வியாபாரம். நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். கணவரின் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமம். மகன் பிறந்தது கொழும்பில். அவனுக்கு ஆகாய விமானங்களின் மீது சிறு வயதிலிருந்தே தீராத ஆசை. இந்தியப் படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கடக்வாசலா தேசியப் பாதுகாப்பு அகாதமிக்குப் போக வேண்டும் என்று தானே தேடிப் படித்து, சைனிக் பள்ளி என்ற வழியையும் அவனே கண்டுபிடித்து வந்து எங்களிடம் சொன்னான். அக்கம்பக்கத்தாரிடம் சொன்னபோது பலருடைய முகம் மாறியது. இராணுவச் சீருடை என்றாலே இந்த நாட்டுத் தமிழர் மனத்தில் எழும் நினைவுகள் எத்தகையவை என்பதை இங்கே வாழ்கிற எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எதிர்வீட்டு அக்கா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர்களுடைய மனத்தாங்கலை நான் மதிக்கிறேன். ஆனால் சைனிக் பள்ளி இந்தியப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் விடுதிப் பள்ளி என்பதையும், பிள்ளைகளை அகாதமிக்குத் தயார்படுத்துவதே அதன் நோக்கம் என்றாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் படையில் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதையும் உறவினர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு விளக்கத்துக்குப் பிறகுதான் என் மாமியார் சமாதானமானார்.

முதலில் வயதைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக்குச் சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று 13 வயது நிறைந்தும் 15 வயது நிறையாமலும் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு இது 10 முதல் 12. இதில் ஒரு நாள்கூடச் சலுகை கிடையாது.

எங்களை உண்மையிலேயே அழ வைத்தது பிறப்பிடச் சான்றிதழ். சைனிக் பள்ளிகளில் 67 சதவீத இடங்கள் அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்துப் பிள்ளைகளுக்கும், மிச்சமுள்ள 33 சதவீதம் பிற மாநிலத்தாருக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஆகவே எந்த மாநிலத்தவர் என்பதற்கான சான்றை விண்ணப்பத்தோடே பதிவேற்ற வேண்டும்; தேர்வு எழுதிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது. தமிழ்நாட்டில் அதை இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து ஒப்புதல் தருவார்கள். தமிழ்நாட்டிலேயே பிறந்து அங்கேயே படித்த பிள்ளைக்கு இது சாதாரண வேலை. எங்கள் மகனுடைய விண்ணப்பமோ, பிறந்த இடம் கொழும்பு என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டது. காரணம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் மதுரைக்கு விமானம் ஏறி ஊருக்கே போனேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் பிரிவைக் கவனிக்கும் எழுத்தர் என் கையிலிருந்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, சிலோன்ல பிறந்து சிலோன்ல படிக்கிற பையனுக்கு இந்த ஊர்க்காரன்னு நாங்க எப்படிம்மா எழுதித் தர முடியும்?" என்றார். அவனுடைய தந்தையும் பாட்டனும் இதே ஊரில் பிறந்தவர்கள், அவன் இந்தியக் குடிமகன் என்று சொன்னேன். இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பெற்ற சான்றிதழைக் காட்டினேன். இந்த மாதிரிச் சான்றிதழைத் தாம் பார்த்ததே இல்லை, பிறந்த நாட்டின் மூலப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். விண்ணப்பம் முடியும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

மூலச் சான்றிதழ் கொழும்பில் இருந்தது. அது சிங்களத்தில் பதியப்பட்ட சான்றிதழ். அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்து, பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள கொன்சியுலர் பிரிவில் சான்றுறுதி வாங்கினோம். இதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் பெயரில் வந்தது. என் மகனின் பெயரில் ழகரம் உண்டு. சிங்களத்தில் அது லகரமாக எழுதப்பட்டிருந்ததால், மொழிபெயர்ப்பிலும் லகரமாகவே வந்து, கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளோடு ஒத்துப்போகவில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் உள்ளபடிதான் எழுத முடியும். அவரைக் குறை சொல்ல வழியில்லை. இரண்டு பெயரும் ஒரே பிள்ளையைக் குறிப்பவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்றை முடித்து அதையும் சேர்த்து அனுப்பினோம். இலங்கையில் பிறந்த இந்தியப் பிள்ளைகளின் பெற்றோர் இன்றே இலங்கைப் பிறப்புச் சான்றிதழையும் தூதரகச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: 1955 ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும்.

இதற்கிடையில் என் மாமனார் ஊரில் ஒரு காரியம் செய்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், வெயிலில் நடந்து, என் கணவர் படித்த தொடக்கப் பள்ளிக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலைத் தலைமை ஆசிரியரின் கையொப்பத்தோடு வாங்கிக்கொண்டார். வீட்டுப் பட்டா, வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, கணவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, எழுத்தரிடம் போகாமல் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவே கொடுத்தார். வட்டாட்சியர் அந்தப் பதிவேட்டு நகலைப் பார்த்துவிட்டு, "பையனோட அப்பா படிச்ச பள்ளிக்கூடமே சொல்லுதே, இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்று கேட்டாராம். அன்று மாலையே சான்றிதழ் இணையத்தில் வந்துவிட்டது. வெள்ளவத்தை வீட்டில் அதை அச்சடித்துக் கையில் எடுத்தபோது, மகன் தேர்வில் தேறிய நாளைவிட நான் அதிகம் மகிழ்ந்தேன் என்பது உண்மை. எழுத்தர் மறுத்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டாம். மனுவாக எழுதிக் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகையை வாங்குங்கள். பாட்டனார் ஊரில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

இந்த இணைய விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் ஓடிபி இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். கொழும்பில் பயன்படுத்தாமல் கிடக்கும் இந்திய சிம் செயலிழந்துவிட்டால் ஒரு படியும் நகர முடியாது. ரோமிங் வசதியோடு அதை உயிரோடு வைத்திருங்கள், அல்லது ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணைத் தொடக்கத்திலிருந்தே கொடுங்கள். இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர்கள், மாநில அரசு தரும் சாதிச் சான்றிதழ் போதாது, மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தேர்வு நகரங்கள் இந்தியாவிலேயே இருப்பதால் பயணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆகவே நுழைவுச் சீட்டு வருவதற்கு முன் பணம் திரும்பாத பயணச்சீட்டு எடுக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் 150 வினாக்கள், 400 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். கணக்குக்கு மட்டும் 200. ஆங்கிலம், நுண்ணறிவு, பொது அறிவியல், சமூக அறிவியல் ஒவ்வொன்றுக்கும் 50. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது கொழும்புப் பிள்ளைகளுக்குச் சாதகம். சமூக அறிவியல்தான் அவர்களுக்குப் புதிது. இங்கே படிக்கும் வரலாறும் குடியியலும் வேறு. இந்தியாவின் தேசியப் பாடநூல்களான என்சிஇஆர்டி எட்டாம் வகுப்புப் புத்தகங்களை அதற்காகவே முழுதாகப் படிக்க வையுங்கள்.

தேர்வில் தேறிய பின் இணையவழிக் கலந்தாய்வில் பள்ளி ஒதுக்கப்பட்டது. அதற்குப் பிறகு இராணுவ மருத்துவமனையில் உடற்பரிசோதனை. காதில் குறும்பி அடைத்திருக்கிறது என்று என் மகனைத் தற்காலிகமாகத் தகுதியற்றவன் என்று எழுதிவிட்டார்கள். அதைச் சுத்தம் செய்வது ஒரு சிறு வேலை. ஆனால் அந்தத் தாளில் உள்ள சொல்லைப் படித்த பிள்ளை அன்று முழுவதும் சாப்பிடவில்லை. உள்ளூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, மறுபரிசோதனைக்குப் போய்த் தேறினான். கொழும்பிலிருந்து புறப்படுவதற்கு முன்பே காது, பல், கண், நிறக்குருடு, தட்டைப்பாதம் ஆகியவற்றை இங்குள்ள மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். தகுதியற்றவர் என்று எழுதினாலும் மேல்முறையீட்டுப் பரிசோதனை உண்டு. சோர்ந்துபோய் ஊர் திரும்பிவிடாதீர்கள்.

கடைசித் தடை கொழும்பிலேயே காத்திருந்தது. என் மகன் படித்தது ஒரு சர்வதேசப் பாடசாலை. இலங்கையில் சர்வதேசப் பாடசாலைகள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை. கல்வி அமைச்சின் பாடசாலைகள் அல்ல. அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் எட்டாம் வகுப்பு தேறியதற்கான சான்றும் மாற்றுச் சான்றிதழும் இந்தியாவில் தேவை. அந்த மாற்றுச் சான்றிதழுக்கு இணையாக இங்கே தரப்படும் விடுகைப் பத்திரத்தைக் கேட்டுப் போனபோது பாடசாலை அலுவலகம், ஒரு தவணைக்கு முன்பே எழுத்தில் அறிவிக்காததால் அடுத்த தவணைக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் தருவோம் என்றது. கலந்தாய்வு முடிவு வராமல் எந்தப் பெற்றோரால் பிள்ளையை நிறுத்தப்போவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க முடியும்? அலுவலகப் பெண், "மிஸ், அது ரூல்ஸ்" என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. என் கணவர் அன்றிரவு சேர்க்கையின்போது கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து வரி வரியாகப் படித்தார். நிலுவை ஏதேனும் இருந்தால் திருப்பித் தரவேண்டிய வைப்புத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அடுத்த நாள் அதிபரை நேரில் பார்த்து அந்தப் பக்கத்தைக் காட்டினோம். அவர் மறுக்கவில்லை. பணம் கைவிட்டுத்தான் போனது. ஆனால் புதிதாக ஒரு ரூபாயும் கட்டாமல் பத்திரம் கைக்கு வந்தது. அதோடு, பாடசாலை எந்த வெளிநாட்டுத் தேர்வு வாரியத்தோடு இணைந்தது என்ற கடிதத்தையும், எட்டாம் வகுப்பு தேறியதைத் தனியாகக் குறிப்பிடும் கடிதத்தையும் கடிதத்தாளில் முத்திரையோடு வாங்கிக்கொண்டோம். சேர்க்கையன்று அந்த இரண்டு கடிதங்களையும்தான் முதலில் கேட்டார்கள். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் இவற்றை இப்போதே கேட்டுவையுங்கள்; விடுமுறை தொடங்கிவிட்டால் கையொப்பமிட ஆளிருக்காது.

உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைப் பக்கம் போகும் சாலையில் பள்ளி இருக்கிறது. சேர்க்கை நாள் ஒழுங்காக நடந்தது. பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பள்ளி தரும் பட்டியலைத் தவிர எதையும் வாங்கிச் செல்ல வேண்டாம். நான் ஆசையாகக் கட்டிக்கொடுத்த பலகாரங்களை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது. முதல் மாதங்களில் அவன் மெலிந்தான், அழுதான், அதிகாலை ஓட்டத்தைப் பற்றிக் குறைப்பட்டான். இப்போது குறைப்படுவதில்லை. எனக்குத்தான் மாலை ஆறு மணிக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

எங்களைப் போல வதிவிட விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. பிள்ளையின் விசா தந்தையின் விசாவைச் சார்ந்தது. அதைப் புதுப்பிக்கக் கடவுச்சீட்டு இங்கே வேண்டும், பிள்ளையோ விடுதியில் இருப்பான். விடுமுறைக்கு அவன் வருவதற்கு முன் விசா முடிகிறதா என்பதைச் சேர்க்கைக்குப் புறப்படும் முன்பே பாருங்கள். முடிவதாக இருந்தால், அவன் கொழும்பில் இருக்கும்போதே புதுப்பித்துவிட்டு, அதன் பிறகு பயணச்சீட்டை எடுங்கள்.