அரை மணி நேர பெஞ்சு

போன செவ்வாய்க்கிழமை அலர்ஜி ஊசி போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, ஏழெட்டு வயதுப் பையனோடு. பையனுக்கு அன்றுதான் முதல் ஊசி. ஐந்து நிமிடத்திலேயே அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார், ஸ்கூலுக்கு நேரமாச்சாம். "உட்காருங்கம்மா, அரை மணி நேரம் இருந்துட்டுத்தான் போகணும்" என்றேன். ஏன் என்று கேட்டார். அவரிடம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயதிலிருந்து இளைப்பு. மார்கழியில் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். பனிதான் காரணம் என்று அம்மா காதில் பஞ்சு வைத்து மஃப்ளர் கட்டிவிடுவார். முக்கியக் காரணம் நான் படுத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையில் இருந்தது என்று 34 வயதில்தான் தெரிந்தது. முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சொட்டு மருந்து விட்டு, அதன்மேல் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு சொட்டு மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்தது. ஸ்கேல் வைத்து அளந்தார்கள், 8 மில்லிமீட்டர். 3 இருந்தாலே கணக்கில் எடுப்பார்களாம். அது தூசிப்பூச்சியின் சொட்டு.

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. அதன் கழிவில் இருக்கும் புரதத்தை என் உடம்பு பகையாக நினைத்துவிட்டது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள், தோலிலும் மூச்சுக்குழாயிலும் காவலுக்கு இருக்கும் மாஸ்ட் செல்கள்மேல் ஒட்டிக்கொண்டு தயாராக இருக்கும். புரதம் வந்து பட்டதும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்களைக் கொட்டும், மூச்சுக்குழாய் இறுகும்.

இன்ஹேலர் அந்த இறுக்கத்தையும் வீக்கத்தையும் குறைக்கிறது. அது கட்டாயம் வேண்டும், நான் இன்றும் எடுக்கிறேன். ஆனால் உடம்பின் பகையை அது தீர்ப்பதில்லை. ஊசி கை வைப்பது அங்கேதான். அதே பூச்சியின் சாற்றை மிகவும் நீர்க்கச் செய்து தோலுக்கடியில் போடுகிறார்கள். வாரம் ஒன்றாக அளவைக் கூட்டி, அப்புறம் மாதம் ஒன்று, மூன்றிலிருந்து ஐந்து வருடம்வரை. சிறுகச் சிறுகப் பழகும்போது இந்தப் பகையை அடக்கிவைக்கும் டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற வேறோர் எதிர்ப்பொருள் உருவாகி, புரதம் ஐஜிஇயிடம் போய்ச் சேருவதற்குள் பிடித்துக்கொள்கிறது. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர், புல் மகரந்தம் ஆகாமல் தும்மி அவதிப்பட்டவர்களுக்கு அதே மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த வழிதான் இன்றும்.

ஒத்துக்கொள்ளாத பொருளையே உள்ளே செலுத்துவதால், சிலருக்கு உடம்பு முழுக்க ஒவ்வாமை கிளம்பலாம். கடுமையானவை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். முதலில் நான் போன இடத்தில் ஊசி போட்டதும் அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் காலையிலேயே எனக்கு லேசாக இளைப்பு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உள்ளங்கை அரித்தது, முகம் சிவந்தது, மூச்சு அடைத்தது. கண்டக்டர் பஸ்ஸை ஓர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். தொடையில் அட்ரினலின் என்ற அவசர மருந்தை ஊசியாகப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அந்த மனிதரை நினைக்காத நாளில்லை.

இப்போது போகும் இடத்தில் முதலில், மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று எண்ணில் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்வார்கள். எண் குறைந்தால் அன்று ஊசி கிடையாது. 26 மாதம் ஆகிறது. போன மார்கழியில் இரண்டே இரவுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதே பையனின் கையில் ஊசி போட்ட இடம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வீங்கியிருந்தது. நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்து, இது சாதாரணம்தான் என்று சொல்லி அட்டையில் குறித்துக்கொண்டார். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, பையனைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.