ஒரு படகு, இரண்டு புரொப்பெல்லர்

தண்ணீரில் கிடக்கும் நீர்ச்சறுக்காளரை இழுத்து நிமிர்த்தும் படகும், காலியாக ஓடும்போது பறக்கும் படகும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டு வேலைக்கும் ஒரே புரொப்பெல்லர் தேடினால் எதற்கும் உதவாத ஒன்றுதான் மிஞ்சும். 17, 18 அடிப் படகு, பின்னால் யமஹா எஃப்150 என்ற 150 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையைப் பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் வழுக்காமல் முன்னேற வேண்டிய தூரம்) அங்குலத்தால் பெருக்குங்கள். கியர் விகிதத்தாலும் (புரொப்பெல்லர் ஒருமுறை சுற்ற எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 1056-ஆலும் வகுங்கள். வருவது மணிக்கு எத்தனை மைல் என்பது. இந்த எஞ்சினில் விகிதம் 2. முழு த்ராட்டிலில் (முடுக்கியை முழுதும் தள்ளிய நிலையில்) 5000 முதல் 6000 சுற்று வரை ஓட வேண்டும். 21 அங்குலப் பிட்சில் 6000 சுற்றுக்கு ஏறக்குறைய 60 மைல், அதாவது 96 கி.மீ. தண்ணீரில் புரொப்பெல்லர் வழுக்குவதற்கு 10 சதவீதம் கழித்தால் 86 கி.மீ. அரை டேங்க் எரிபொருள், இரண்டு ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். 5300-க்கு மேல் முள் ஏறவில்லையா? இவ்வளவு லேசான சுமையில் 6000-ஐ நெருங்க வேண்டும்; பிட்ச் அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும்.

சறுக்கலுக்கு வேகம் தேவையே இல்லை. மிதவைகளைச் சுற்றி வளைந்து செல்லும் ஸ்லாலம் போட்டியில் ஆண்களுக்கான உச்சமே 58 கி.மீ.தான். தேவைப்படுவது நின்ற இடத்திலிருந்து கிளம்பும் இழுப்பு. அதற்கு 19 அங்குலப் பிட்ச், நான்கு இதழ் புரொப்பெல்லர். கூர்மையான திருப்பத்திலும் தண்ணீரை விடாமல் பிடிக்கும். வேகத்துக்கு 21 அங்குலப் பிட்ச், மூன்று இதழ் ஸ்டெயின்லெஸ். சறுக்கல் புரொப்பெல்லரோடு காலிப் படகில் த்ராட்டிலை முழுதும் தள்ளாதீர்கள். சுற்று வரம்பைத் தாண்டப் பார்க்கும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது எஞ்சின் உயரத்தில். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான பிளேட், படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் மேலாகவோ இருக்கட்டும். உயர்த்தினால் கியர்பெட்டியின் இழுவை குறைந்து வேகம் கூடும், உண்மைதான். ஆனால் விழுந்தவரை எடுக்கத் திரும்பும்போது புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சும். எஞ்சின் அலறும், படகு நகராது. மாட்டும் துளைகளின் இடைவெளி முக்கால் அங்குலம். ஒவ்வொரு துளையாக உயர்த்தி, குளிர்விக்கும் நீரின் அழுத்தமானியைப் பாருங்கள். முள் சரிந்தால் ஒரு துளை இறக்குங்கள். அழுத்தமானி இல்லாத படகில் உயரத்தைத் தொடவே வேண்டாம். என் கட்சி: உயரத்தைச் சறுக்கலுக்கு வைத்துவிட்டு, வேகத்தைப் புரொப்பெல்லரிலும் ட்ரிம்மிலும் (எஞ்சினின் சாய்வு) தேடுவதே நல்லது.

கிளம்பும்போது ட்ரிம் முழுக்க உள்ளே. படகு மேலெழுந்ததும் சிறிது சிறிதாக வெளியே. முகப்பு குதிரை போல ஏறி இறங்க ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது. கொஞ்சம் உள்ளே இழுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பேட்டரியை முன்னுக்கு நகர்த்தலாம்.

கயிற்றை எஞ்சினில் கட்டக் கூடாது. பின்பலகையின் இரு வளையங்களிலும் கப்பி வைத்த வி வடிவக் கயிறு, அல்லது நடுக் கம்பம். கம்பம் உயரமாக இருந்தால் சறுக்காளர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகே சாயும்.

புரொப்பெல்லர் மாற்றும்போது கியர் நியூட்ரலில், சாவி கையில். இதழுக்கும் பிளேட்டுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து நட்டைக் கழற்றுங்கள். தண்டில் கிரீஸ் தடவி, உந்துவிசையைத் தாங்கும் உட்பக்கத் திரஸ்ட் வாஷரை முதலில் போடுங்கள். அவசரத்தில் மறப்பது இதைத்தான். மறந்தால் புரொப்பெல்லர் முன்னேறிக் கியர்பெட்டியை உரசித் தின்றுவிடும். நட்டைக் கழலாமல் பூட்டும் காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதியது.